ஆவி பறக்கும் குழாய்

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. அச்சகத்தில் ஊரார் எழுதிய பிழைகளை நான் திருத்துவேன். வீட்டுக்கு வந்தால் என் பிழைகளைத் திருத்த என் மனைவி இருக்கிறாள். அவள் மோட்டார் பட்டறையில் செம்புக்கம்பிச் சுருள் கட்டுகிறவள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பல்பு மாட்டக்கூட எனக்கு உரிமை கிடையாது. அவள் ஏறுவாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன்.

அப்படி ஒரு நாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தீர்மானித்தேன். கரண்ட் சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தையாவது இவளைக் கேட்காமல் செய்துவிட்டுத்தான் சாவேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் போட்டிருக்கலாம்.

செல்போனில் அந்த வெந்நீர்க் குழாய் கண்ணில் பட்டது. பார்க்கச் சாதாரணக் குழாய். சுவிட்சைப் போட்டுத் திருகினால் அந்த நொடியே வெந்நீர். கடைவிலையில் பாதிகூட இல்லை. பெட்டி வந்தது. செய்த கம்பெனியின் பெயர் எங்கேயும் இல்லை. விளம்பரம் பிடிக்காத அடக்கமான கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'ஈரமான கையால் தொடவும்' என்று அச்சிட்டிருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து 'தொடக் கூடாது' என்று திருத்தினேன். மொத்தம் பதினான்கு பிழை. சீட்டில் அத்தனையையும் பிடித்தவன் சாமானில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

அவள் பட்டறைக்குப் போன நேரத்தில் நானே மாட்டினேன். குழாயிலிருந்து இரண்டு ஒயர்தான் வந்தது. பிளக்கில் மூன்றாவது இடம் சும்மா கிடந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தது. விரலில் சுர்ரென்று ஏதோ ஏறியது. வெற்றிப் பூரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் விசாரணை நடந்தது.

"ஏங்க, என்ன இது?"

"வெந்நீர்க் குழாய்."

"எர்த் எங்க?"

"காலுக்குக் கீழே."

"விளையாடாதீங்க. இதுக்குள்ள தண்ணியும் கரண்டும் ஒண்ணா ஓடுது. எர்த்தும் கிடையாது. கழட்டுங்க."

"மாட்டேன். எல்லாத்துலயும் நீதான் பெரியவ. இந்த ஒண்ணுல நான் பெரியவன். நான் இதுலதான் குளிப்பேன்."

என்னையே பார்த்தாள். "சரி, குளிங்க" என்றாள்.

பதினாறு வருஷக் குடும்பத்தில் அவள் ஒரே பேச்சில் சரி என்றது அதுதான் முதல் தடவை. உஷாராகியிருக்க வேண்டும். நானோ கழுத்தில் மாலை இல்லாத குறையாக வீட்டுக்குள் உலாவினேன்.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை. தண்ணீர் ஐஸாக வந்தது. ஒரே நாளில் செத்துவிட்டது சனியன்! வெளியிலிருந்து குரல் வந்தது.

"சுடுதாங்க?"

"ஆஹா! ஆவி பறக்குது!"

பல் கிடுகிடுவென்று அடித்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினேன். மறுநாளும் அதே கேள்வி, அதே ஆவி. குளித்துவிட்டு நீலம் பூத்த உதட்டோடு வந்து, "அப்பா, என்ன சூடு!" என்று விசிறிக்கொள்வேன். தினமும் நடித்தேன். அவளும் தினமும் கேட்டாள்.

எங்கள் குளியலறைக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் டைலர் மாஸ்டர் வீடு. ஒரு வாரம் கழித்து வாசலில் என்னைப் பிடித்தார்.

"சார், தினமும் கேக்குறேன். ஆவி பறக்குதாமே? காலையில எனக்குக் கை விறைச்சுப்போகுது. பத்து மணி வரைக்கும் கத்திரி பிடிக்க முடியல."

அப்போது என் மனைவி பக்கத்தில் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்திய பொய்யை அவ்வளவு சுலபமாக விட்டுவிட மனசு வரவில்லை.

"வாங்கிப் போடுங்க மாஸ்டர். பிரமாதம்!" என்றேன். அவருக்கு ஆர்டர் போடத் தெரியாது. அவர் போனை வாங்கி நானே போட்டுக் கொடுத்தேன்.

மாஸ்டர் வீட்டில் குழாய் மாட்டிய மறுநாள் காலை. நான் துண்டோடு குளிக்கக் கிளம்பியபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். மனுஷக் குரல் மாதிரி இல்லை. பிறகு வாளி உருண்டது. பிறகு அக்கா, மாஸ்டரின் மனைவி, வீரிட்டாள்.

என் மனைவி எனக்கு முன்னால் ஓடினாள். "தொடாதீங்கக்கா! யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே போய் மெயினை இறக்கினாள். அக்கா அதற்குள் துணி அளக்கும் மரக்கோலால் அவர் கையைக் குழாயிலிருந்து தட்டிவிட்டிருந்தாள். ஈரத்தரையில் மாஸ்டர் கோணலாகக் கிடந்தார். வலது உள்ளங்கை கருகியிருந்தது. மூச்சு இல்லை. என் மனைவி அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான் இடுப்பில் துண்டோடு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆவி பறந்துவிட்டது என்றே நினைத்தேன். கடைசியில் ஒரு விக்கலோடு மூச்சு திரும்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "உயிர் பொழைச்சதே பெருசு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். கத்திரி பிடிக்கிற இரண்டு விரல்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க வீட்டுல அதே குழாய் எவ்வளவு நல்லா ஓடுது! எங்க நேரம் தம்பி. எங்க நேரந்தான்."

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

அக்கா உள்ளே போனதும் என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "நம்ம வீட்டுக் குழாய்ல கரண்டே கிடையாது. அன்னிக்கு நீங்க சாப்பிட உக்காந்தப்பவே சுவிட்ச் போர்டைத் திறந்து ஒயரைக் கழட்டிட்டேன்."

"அப்ப... இத்தனை நாளா..."

"பச்சைத்தண்ணியில நின்னுக்கிட்டு ஆவி பறக்குதுன்னு கத்துனீங்க. நாலு நாள்ல நீங்களே ஒத்துக்குவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் சிரிப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்." அவள் குரல் உடைந்தது. "சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

அவள் அழுது நான் பார்த்தது அதிகமில்லை. ஆர்டர் போட்டுக் கொடுத்ததே நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கொட்டாவி மாதிரி ஏதோ வந்தது. மூடிக்கொண்டேன்.

மாஸ்டர் வீடு திரும்பினார். நான் அச்சகத்துக்குச் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டாமல் தெருவுக்குப் போக எத்தனை சந்து இருக்கிறது என்று இப்போது கேட்டால் சொல்வேன். என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் கையில் டிபன் கேரியரைத் திணித்தாள். "மாஸ்டருக்கு சூப். எனக்குத் துணி ஊறுது. நீங்க குடுத்துட்டு வாங்க."

போனேன். மாஸ்டர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை கட்டுக்குள். இடது கையால் பழைய துணி ஒன்றை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். கத்திரி சாக்பீஸில் போட்ட கோட்டை விட்டு ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் ஒரு நூல் பிசகாமல் வெட்டிய மனுஷன்.

அதைப் பார்த்ததும் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"மாஸ்டர், என் வீட்டுக் குழாய் ஒரு நாள்கூட சுடல. முதல் நாள் ராத்திரியிலேருந்தே அதுல கரண்ட் இல்ல. பொண்டாட்டிகிட்ட தோத்துடக் கூடாதுன்னு பொய்யாக் கத்தினேன். உங்ககிட்டயும் அதே பொய்யச் சொன்னேன். உங்க விரலை நான்தான் மாஸ்டர்..."

அவர் கத்திரியைக் கீழே வைத்தார்.

"தெரியும் சார். நான் வீட்டுக்கு வந்த அன்னிக்கே உங்க வீட்டம்மா வந்து எல்லாம் சொல்லிட்டாங்க. எனக்குக் கோபம்தான், இப்பவும் இருக்கு. ஆனா நீங்களே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். மூணு நாள்ல வந்துடுவீங்கன்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"'அவரா? பத்து நாளாகும் மாஸ்டர். அதுவும் நானே கையில ஒரு டிபன் கேரியரைக் குடுத்துத் தள்ளிவிட்டாத்தான் வருவாரு'ன்னாங்க."

கேரியரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்: பத்து.