மேலாளர் உருகுகிறார்

மேலாளருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

முதல் சொட்டு மீசையில் விழுந்தது. இரண்டாவது சொட்டைச் சிற்பி கையேந்திப் பிடித்தான்.

நிஜ மேலாளர் நன்றாகத்தான் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு இன்று மதியத்தோடு ஓய்வு பெறுகிறார். வேனுக்குள் மூக்கொழுகிக்கொண்டிருந்தது, அவருடைய பிரிவு உபசார விருந்துக்காக ஐஸில் செதுக்கிய சிலை. தலையிலிருந்து மார்பு வரை, அடர்த்தியான முடி, முறுக்கு மீசை, பூசணிக் கன்னம் எல்லாம் அச்சு அசல். புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் செதுக்கியிருந்தான் சிற்பி.

ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "போன தடவை அன்னம் கேட்டேன், வாத்து வந்து சேர்ந்துச்சு. இது கடைசி வாய்ப்பு. நல்லா வந்துச்சா, வருஷம் பூரா எல்லா விருந்துக்கும் நீங்கதான். இல்லேன்னா இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க!"

படுக்காவிட்டால் பழையபடி வீட்டுக் கதவு எண் செதுக்கும் வேலைதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆயுசு பூரா எண் செதுக்குவதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

வண்டி ரயில்வே கேட்டில் நின்றது. சிற்பியின் மனைவிதான் ஓட்டினாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பின்னால் சிலையைக் கட்டிப்பிடிக்காத குறையாகச் சிற்பி.

"கம்பளியை எடு, சீக்கிரம்! மூடணும்!"

"கம்பளியா? அதை வீட்டிலேயே உருவிப் போட்டுட்டேனே," என்றாள் மனைவி. "இந்த வெயில்ல கம்பளி போர்த்தினா அது உருகிடாதாங்க? உங்களுக்குத்தான் அந்த யோசனையே வராது."

சிற்பி தலையில் அடித்துக்கொண்டான்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பும்மா. கம்பளி சூட்டைத் தராது. வர்ற சூட்டைத் தடுக்கும். ஐஸ்ங்கிறது என்ன? கோடிக்கணக்கான துகள். ஒண்ணையொண்ணு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, நின்ன இடத்திலேயே நடுங்கிக்கிட்டு நிக்குது. வெளிக்காத்துல இருக்கிற துகள் வேகமா வந்து இடிச்சா நடுக்கம் கூடும். கூடக் கூடப் பிடி நழுவும். ஒண்ணைவிட்டு ஒண்ணு போகாது, ஆனா இடம் மாறி வழுக்கும். அதுதான் தண்ணி. இன்னும் சூடேத்தினா பிடியையே விட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் பறந்துடும். அது வாயு."

"வாயு வரைக்கும் போக வேணாம் மச்சான். இப்போதைக்கு மூக்கை நிறுத்த வழி சொல்லுங்க."

வாத்தியாருக்கு வழி தெரியாது. காரணம்தான் தெரியும்.

"காத்து பட்டா குளிர்ந்துடும்," என்று மனைவி இறங்கி வந்து பின்கதவை விரியத் திறந்தாள். உச்சிவெயிலில் காய்ந்த காற்று சுடச்சுட உள்ளே அடித்தது. கண்மூடித் திறப்பதற்குள் வலது பக்க மீசை பாதி காணோம்.

"ஐயையோ! மூடு, மூடு!"

"எனக்குக் காத்து பட்டா குளிருதே?"

"உனக்கு வேர்வை இருக்கு," என்றார் வாத்தியார். "அதுல வேகமான துகளெல்லாம் பறந்து போயிடும், மிச்சம் இருக்கிறது குளிரும். இவருக்கு அப்படியில்ல. சூடான துகள் புதுசு புதுசா வந்து மோதுது."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?"

"கேட்டாத்தானேம்மா சொல்ல முடியும்?"

சிற்பி உளியை எடுத்தான். வலது மீசை குட்டையாகிவிட்டது, ஆகவே இடதைக் கொஞ்சம் சீவினான். இப்போது இடது குட்டை. வலதைச் சீவினான். பிறகு இடது. பிறகு வலது. கடைசியில் இரண்டும் கச்சிதமாக ஒரே அளவில் இருந்தன, அதாவது இரண்டுமே இல்லை.

"மீசை இல்லாம ஒரு மாதிரி களையாத்தான் இருக்காருங்க," என்றாள் மனைவி ஆறுதலாக.

கேட் திறக்கிற வழியாக இல்லை. சரக்கு ரயில் ஆமை மாதிரி வந்து, பாதி கடந்து, யோசித்து நின்றது. மனைவிக்குத் திடீரென்று ஞானோதயம். எதிர்க்கடைக்கு ஓடினாள். ஒரு பாக்கெட் உப்போடு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"ஐஸ்கிரீம்காரர் டப்பாவைச் சுத்தி ஐஸ் போட்டு உப்பைக் கொட்டுவார், பார்த்திருக்கேன். நல்லா ஜில்லுன்னு ஆகும்!"

"இரும்மா..." என்று வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் முழு பாக்கெட்டும் மேலாளர் தலையில் கவிழ்ந்தது.

படபடவென்று சத்தம். அடர்த்தியான முடி அப்படியே படிந்து வழிந்தது. பூசணிக் கன்னம் இரண்டும் ஒட்டி உள்ளே போயின. உதடும் உள்வாங்கி, பல் செட்டைக் கழற்றி வைத்த வாய் மாதிரி ஆயிற்று.

"உப்பு போய் ஐஸ் துகளுக்கு நடுவுல பூந்து, திரும்பக் கைகோக்க விடாம பண்ணிடும்," என்றார் வாத்தியார். "டப்பாவுக்குள்ள ஜில்லுன்னு ஆகும், வாஸ்தவம். ஆனா வெளியில போட்ட ஐஸ் உருகித்தான் அந்த ஜில்லு வருது. இங்க உருகுறது யாரு? நம்ம ஆளு!"

"உங்க குடும்பமே சேர்ந்து என்னைக் கதவு நம்பர் செதுக்க அனுப்பாம விடாது போலிருக்கு!" என்று கத்தினான் சிற்பி.

கேட் திறந்தது. மனைவி ரோஷத்தோடு வண்டியை விரட்டினாள். தண்டவாளத்தில் ஒரு தூக்கு தூக்கிப் போட்டதில் மேலாளரின் இடது காது பொட்டென்று உடைந்து சிற்பியின் கையில் விழுந்தது.

"அழுத்துங்க மாப்ளே! ஈரமான ரெண்டு ஐஸைச் சேர்த்து அழுத்தினா துகளெல்லாம் மறுபடி பிடிச்சுக்கும்!"

இந்த ஒரு யோசனை மட்டும் பிரமாதமாகப் பலித்தது. சிற்பி காதை அழுத்தவும், வண்டி வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. காது பின்னந்தலையில் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தான், திருகினான், கெஞ்சிக்கூடப் பார்த்தான். அசைந்து கொடுக்கவில்லை. உள்ளங்கைச் சூட்டில் காது உருண்டையாக வழவழவென்று ஆனதுதான் மிச்சம்.

ஹோட்டலுக்குள் சிலையை வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டுபோனார்கள். விருந்துக் கூடம் நிரம்பி வழிந்தது. மாலை, பூச்செண்டு, உரைகள் எல்லாம் முடிந்து இவர்களுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"ஐயா கையாலேயே துணியை விலக்கட்டும்!" என்று யாரோ கூவ, கைதட்டல் கூரையைப் பிளந்தது.

சிற்பி திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மனைவியின் கையைப் பிடித்தான். "நான் செத்தேன்."

"சும்மா இருங்க. நான் இருக்கேன்ல?"

"அதனாலதான் சொல்றேன்."

மேலாளர் துணியை விலக்கினார். கைதட்டல் சட்டென்று நின்றது.

மேலாளர் சிலையைப் பார்த்தார். இன்னும் ஒரு அடி கிட்டே போய்ப் பார்த்தார். அவருடைய நிஜ மீசை துடித்தது. கண் கலங்கியது. பிறகு, முப்பது வருஷத்தில் ஒரு ஊழியர்கூடப் பார்த்திராத விதமாக, அவர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

தலைமைச் சமையல்காரர் திரைச்சீலைப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். அந்தப் பார்வைக்கு எந்த ஐஸும் ஒரே நொடியில் வாயுவாகிவிடும். சிற்பி தடுமாறி வெளியே வந்தான். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"ஐயா, மன்னிச்சுக்கணும்... வெயிலு... உப்பு... அந்தத் துகளெல்லாம்..."

அவன் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று கவிழ்ந்தது. மேலாளரின் மனைவி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, சிலையின் முன்னால் கைகட்டி நின்றார்.

"அத்தை! அதே பொக்கை வாய், அதே கொண்டை! நீங்க தவறிப் பத்து வருஷமாச்சே, எப்ப வந்தீங்க? உங்க பிள்ளையை நான் நல்லாத்தான் பார்த்துக்கிறேன்!"