கண்வலிப்பூவும் டப்பா அண்ணாச்சியும்

அறுபதுகளில் தாராவியில் மனுஷன் காலை நீட்டிப் படுக்கவே இடம் கிடையாது. அங்கே ஒரு காட்டுக்கொடிக்குத் தனிக் குடித்தனம் வைத்துக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் டப்பா அண்ணாச்சிதான். பட்டறையில் பழைய எண்ணெய் டின்களுக்கு ஈயம் பற்றவைப்பது அவர் தொழில். நான் அவர் குடியிருந்த சாலில், அதாவது ஒற்றை அறைகளை வரிசையாக அடுக்கிய அந்தப் பம்பாய்க் கட்டிடத்தில், மாடி வராந்தாவில் அவருக்கு அடுத்த அறையில் நண்பர்களோடு ஒண்டியிருந்த குமாஸ்தா.

செம்பூருக்கு அப்பால் மலைச்சரிவில் காயலான் சாமான் எடுக்கப் போனவர், ஒரு மழை நாளில் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கோடு திரும்பி வந்தார். பழைய டின்னில் படுக்கவைத்து மண் மூடினார். கிழங்கு விஷம் என்பதால் கையைச் சோப்புப் போட்டு அவர் கழுவிய கழுவலில் குழாயடி வரிசையே கலைந்தது. கோடையில் கொடி காய்ந்து போய் வெறும் மண் டின் மட்டும் அவர் கட்டிலுக்கடியில் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டார். கேட்டால், தூங்குது என்பார், ஏதோ இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த ஆளைச் சொல்வதுபோல.

முதல் மழை விழுந்ததும் டின் வராந்தாவுக்கு வரும். இலை நுனி சுருண்டு எதையாவது பிடித்துக்கொண்டுதான் அந்தக் கொடி ஏறும். அண்ணாச்சி கட்டிய கயிறு அதற்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் வராந்தாவில் காயப்போட்டிருந்த என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டது. எடுக்கப் போனேன்.

"பூ விரிஞ்சு முடியட்டும்டே. அதுவரைக்கும் வேட்டியக் கட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போயேன்" என்றார்.

போனேன். மேனேஜர் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது.

பூ என்னவோ அடுப்புத் தீ மாதிரி எரிந்தது. ஆனால் அதைப் பார்த்தால் கண்வலி வரும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு சுவரைப் பார்த்தபடி நண்டு நடை நடந்து போனார்கள். அந்த வருஷம் மழையோடு கண்வலியும் வந்தது. பம்பாய் முழுக்க வந்ததுதான். எங்கள் சாலில் மட்டும் பழி பூவின் மேல் விழுந்தது.

எதிரணிக்குத் தலைமை கோடி அறை புஷ்பம் அக்கா. அவளுக்குக் கண் இரண்டும் தக்காளி. ஒன்று செடி போகவேண்டும், இல்லை அண்ணாச்சி அறையைக் காலி பண்ணவேண்டும் என்று சால் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அண்ணாச்சி எழுந்தார்.

"நான் விடிஞ்சதுல இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்குக் கண்ணு வலிச்சா நானே பிடுங்கி எறிஞ்சிருதேன்."

ஊரே ஒப்புக்கொண்டது. அந்த வாரமே அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தார். அடைமழையில், இருட்டு வராந்தாவில், ஈயம் பற்றவைக்கும் மனிதருக்குக் கறுப்புக் கண்ணாடி. பேஷன் என்றார். பேஷன் கன்னத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே சுவரைத் தடவித் தடவி வராந்தாவுக்கு வந்தார். கையில் களைக்கொத்து. வாக்கு வாக்குதான் என்றார். கண் திறக்கமுடியவில்லை, பிடுங்குவதற்கு முன்னால் பூ எப்படி இருக்கிறது என்று யாராவது ஒருதடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. நானும்தான்.

புஷ்பம் அக்காவுக்கு அப்போதுதான் கண் தெளிந்திருந்தது. குடத்தை இறக்கி வைத்தாள். நேராகப் போய்ப் பூவின் முன்னால் நின்றாள்.

"அடியில மஞ்சளு, நுனியில செவப்பு. பக்கத்துல ஒரு மொட்டு தொங்குது, நாளைக்கு விரிஞ்சிரும்."

அண்ணாச்சி கொத்தை ஓங்கினார். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணு தெரியாமக் கொத்துனா பக்கத்துல இருக்க என் தொளசியையும் சேத்து வெட்டிப்போடுவீரு. நாளைக்குப் பாப்போம். பேசாம உள்ள போயிப் படும் அண்ணாச்சி."

மறுநாளும் அதையே சொன்னாள். தினமும் காலையில் அவர் வாசலில் நின்று, எது விரிந்தது, எது சிவந்தது என்று அதட்டலாக ஒப்பித்துவிட்டுப் போனாள். அவளுக்கு மறுபடி கண்வலி வரவில்லை. அதைக் கண்டு மற்றவர்களும் மெல்ல எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாச்சி பூவை மறுபடி பார்த்த அன்று, சால் முழுக்க வராந்தாவில் நின்றது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கண்வலி இன்னும் பாக்கியா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.