குனிந்தபடி பார்க்கும் கண்ணாடி

பெண் பார்க்கப் போய், பெண்ணைப் பார்க்காமலே திரும்பி வந்தவன் நான். ஒரு முறையல்ல, இரண்டு முறை. காரணம் என் தாய்மாமா. பெண் வந்து நிற்கும்போது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்பது அவர் கொள்கை. (தன் கல்யாணத்துக்கு முன் அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.) முதல் இடத்தில் ஒரு கால் கட்டைவிரலைப் பார்த்தேன். இரண்டாவது இடத்தில் அதையும் புடவை மறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பொண்ணு எப்படிடா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? "தரை சுத்தமா இருந்துச்சும்மா" என்றேன்.

மூன்றாவதாகக் கிள்ளானில் ஒரு பெண் வந்தது. "இதுக்கும் வாயத் தொறந்து பதில் சொல்லலைன்னா நானே ஒருத்தியப் பாத்து முடிச்சிடுவேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். யார் முகத்தோடு ஆயுள் முழுவதும் வாழப்போகிறேன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த கடைசி வாய்ப்பு அது.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய காலம். எனக்கு இருபத்தைந்து வயது. கோலாலம்பூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் டைப் அடிக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுத்த வீட்டில் சிங்காரம் அண்ணன் தனியாக இருந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர்.

அவரைப் போன்ற மனிதரை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை. யாராவது சிரமப்படுவதைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. (எனக்கு நன்றாக வரும்.) ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணத்தை மங்கு என்போம்; மழை விழுந்தால் தானே மூடிக்கொள்ளும் மங்கு ஒன்று செய்தார். இறக்கத்தில் மாடு பின்வாங்கினாலே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் வண்டி பிரேக் செய்தார். திருவிழாக் கூட்டத்தில் பின்னால் நிற்கும் குள்ளர்களும் தேரைப் பார்க்கட்டும் என்று, மேலும் கீழும் கண்ணாடி வைத்த நீளக் குழாய் ஒன்று செய்தார். அதன் வழியே முதன்முதலாகச் சாமி முகத்தைப் பார்த்த ஒரு கிழவர் குழாயைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார். அண்ணனும் கேட்கவில்லை, இன்னொன்று செய்துகொண்டார்.

இவை எல்லாவற்றுக்கும் சர்க்காரில் பேட்டன்ட் வாங்கியிருந்தார். 'இது இவருடைய கண்டுபிடிப்பு' என்று முத்திரை குத்திய அந்தக் காகிதங்கள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கின. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, மனுவை இங்கிலீஷில் டைப் அடித்தவன் நான். அந்த உரிமையில்தான் அவருடைய புதிய கண்ணாடியைக் கேட்கத் துணிந்தேன்.

மூக்கில் மாட்டும் கண்ணாடிதான். ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் சாய்த்து வைத்த இரண்டு சிறு கண்ணாடிகள். தலையைக் குனிந்தால் தரைக்குப் பதிலாக நேர் எதிரே இருப்பது தெரியும். முதலில் ஒரே கண்ணாடி வைத்துப் பார்த்தாராம், உலகமே தலைகீழாகத் தொங்கியதாம். இரண்டாவதை எந்தக் கோணத்தில் வைத்தால் உலகம் நிமிரும் என்று கண்டுபிடிக்க அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று.

"இது தண்டவாளத்துல குனிஞ்சு வேலை செய்றவங்களுக்குத் தம்பி. ரயில் வர்றது தெரியணும்னு செஞ்சது. பொண்ணு பாக்க இல்ல" என்றார்.

"நானும் குனிஞ்சுதானே அண்ணே உக்காந்திருக்கப் போறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொண்ணு எத்தனை அடி தூரத்துல நிப்பாங்க?"

"பத்தடி இருக்கும்."

"முகம் தெளிவா இருக்கா, ஓரம் மங்குதான்னு பாத்துச் சொல்லணும்லா. சொல்றதா இருந்தா எடுத்துக்க." சோதனையைக் குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு தானும் வருவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். குனிந்தால் எதிரே இருப்பது தெரியும், நிமிர்ந்தால் கூரை தெரியும், காலடியும் மடியும் மட்டும் எப்படிப் பார்த்தாலும் தெரியாது. மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

மாமாவிடம், கண்வலிக்கு டாக்டர் கொடுத்த கண்ணாடி என்று சொல்லிச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் ரயிலில் கிள்ளான் போய் இறங்கினோம். பெண்ணின் தகப்பனார் வீராசாமி, தண்டவாள வேலையாட்களுக்கு மேலாளர். எல்லோரும் மண்டோர் என்று கூப்பிடுவார்கள். ரயில் பாதையை ஒட்டியே அவர் வீடு. வாசலில் கண்ணாடியை மாட்டினேன். பண்பே உருவாகத் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தேன். மண்டோரின் மீசை, சுவர்க் கடிகாரம், கதவுத் திரை எல்லாம் அற்புதமாகத் தெரிந்தன. தரையில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டு தெரியவில்லை. அதில் ஏறி நின்றேன். மாமா என் முழங்கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

திரை விலகியது. தனபாக்கியம் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். குனிந்த தலை நிமிராமல், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெண்ணை நிதானமாகப் பார்த்தேன். மாநிறம், நெற்றியில் பொடி வியர்வை, எதையும் ஆராய்ந்து பார்க்கும் பெரிய கண்கள். அந்தக் கண்கள் என் முகத்தைவிட்டு நகரவில்லை. என்னை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். (என் மூக்கின்மேல் இருந்த பெட்டியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.) எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அங்கேயே மனதுக்குள் தயாரித்தும் விட்டேன்.

அவள் நெருங்கி வந்து தட்டை நீட்டினாள். என் முகத்துக்குக் கீழே வந்ததும் தட்டு மாயமாக மறைந்தது. ஒரு குத்துமதிப்பாகக் கையை விட்டேன். நாலு விரலும் கொதிக்கும் காப்பிக்குள் போயின. நான் உதறிய உதறலில் தம்ளர் பறந்து மாமாவின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. மன்னிப்புக் கேட்க எழுந்து நிமிர்ந்தேன், கூரை தெரிந்தது. கைகூப்பி, அங்கிருந்த பல்லியிடம் உருக்கமாகப் பேசினேன். பதறிப்போய் மாமா காலிலேயே விழுந்துவிடலாம் என்று குனிந்து, தடவித் தேடிப் பிடித்தேன். "மன்னிக்கணும் மாமா" என்று நான் விடாமல் கெஞ்சியது நாற்காலியின் காலிடம்.

மண்டோர் எழுந்துவிட்டார். "மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் சிங்காரம் அண்ணன் முந்திக்கொண்டார். என்னைக் காப்பாற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுங்க. கண்ணாடியும் நல்ல கண்ணாடி. அவருக்குப் போடத் தெரியல" என்றார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் உண்மை முழுவதையும் சொன்னார். அந்தக் கண்ணாடி யாருக்காகச் செய்தது, அதை நான் எதற்குக் கேட்டு வாங்கினேன், எத்தனை அடி தூரம், எல்லாம். பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வந்தவன் என்ற பட்டத்தோடு, கையில் கண்ணாடியுடன் நான் நடுவீட்டில் நின்றேன். பூமி பிளக்கவில்லை.

மண்டோர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கினார். வெளியே போய் ரயில் பாதை ஓரமாக, ஆணி அடிப்பவர் மாதிரி குனிந்து நின்றார். நாங்களும் பின்னாலேயே போனோம். தூரத்தில் சிக்னல் மரம் இருந்தது. அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"போன மழைக்கு என் ஆளு ஒருத்தன் போயிட்டான்" என்றார் குனிந்தபடியே. "மழைச் சத்தத்துல ரயில் சத்தம் கேக்கல. போல்ட்டு முடுக்கிக்கிட்டு இருந்தான். ஒரு வாட்டி தலையத் தூக்கியிருந்தா…"

அப்போது வாசற்படியிலிருந்து தனபாக்கியத்தின் குரல் கேட்டது.

"மழையிலயும் வேர்வையிலயும் உள்ள ஆவி படியுமே. அப்ப எப்படித் தெரியும்?"

அண்ணன் திகைத்துவிட்டார். எந்த அதிகாரியும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "அதுக்கு இன்னும் வழி தெரியலைங்க" என்றார்.

"சவுக்காரத்தை லேசாத் தடவி, காஞ்ச துணியால துடைச்சிடுங்க. அப்பாவோட கைவிளக்குக் கண்ணாடிக்கு நான் அப்படித்தான் செய்வேன். மழையில மங்காது."

அண்ணன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகும் அவர் கண் வாசற்படியைவிட்டு நகராததை நான் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. மாமா ஈர வேட்டியோடு, "அப்ப நாம பேச வந்த விஷயம்…" என்று இழுத்தார். யார் காதிலும் அது விழவில்லை.

பத்து நாள் கழித்து மண்டோர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தார். என் அம்மா அவசரமாக வாசலைப் பெருக்கிக் காத்திருந்தார். மண்டோர் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நேராக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அண்ணனுக்கும் தனபாக்கியத்துக்கும் கல்யாணம் முடிந்தும் ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. பிறகு அவர் திருத்திய கண்ணாடிக்கான மனுவோடு வந்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் போடச் சொன்னார், தன் பெயரும் தனபாக்கியத்தின் பெயரும். மனைவியின் பெயரை அப்படிப் போடச் சொன்ன வேறொரு ஆண்பிள்ளையை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. கோபமாக இருக்க முயன்றேன், முடியவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். மண்டோரின் ஆட்கள் நான்கு பேர் மழைக்காலத்தில் அந்தக் கண்ணாடியைப் போட்டு வேலை செய்ததை நானே கிள்ளானுக்குப் போய்ப் பார்த்தேன். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு அம்மாவே ஒரு பெண்ணைப் பார்த்து முடித்தார். மாமா தடுத்தும் கேட்காமல் அவளை நான் நிமிர்ந்து பார்த்தேன். என் விரல்களில் இருக்கும் தழும்பின் கதையை, வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இன்று அவள்தான் சொல்கிறாள். சிங்காரம் அண்ணனும் தனபாக்கியமும் வந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் விஸ்தாரமாகச் சொல்வாள். "எல்லாரும் இவரு பொண்ணைச் சரியாப் பாக்கலைன்னு நெனக்கிறாங்க" என்று முடிப்பாள். "இவரு நல்லாத்தான் பாத்தாரு. அந்தப் பொண்ணு இவர அதவிட நல்லாப் பாத்துடுச்சு."