பட்டியலில் இல்லாத தலைவர்

பொலிஸுக்கு இனி என் பெயரைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். யுத்தம் முடிந்து ஆறு மாதம். இன்னும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் கேட்கிறார்கள். நானோ இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். அரசியலமைப்பு எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இஞ்சாருங்க, இதில ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றாள் மனைவி சீதேவிப்பிள்ளை.

"போடமாட்டன். அடிப்படை உரிமை!"

"அதப் பொலிஸில போய்ச் சொல்லுங்களன்."

"குடும்பத் தலைவர் நான். நான் போடாட்டி படிவமே செல்லாது."

தலைவர் பதவி சுனாமி தந்தது. நிவாரண அட்டையில் அப்படித்தான் எழுதினார்கள். அரிசியும் பருப்பும் என் கையொப்பத்துக்கே வந்தன. அன்று ஏறிய தலைக்கனம் இன்னும் இறங்கவில்லை.

அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "வீடு ஆருட?"

எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் எந்தப் புருஷனிடமும் கேட்கக் கூடாத கேள்வி. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து ஏறுகிறவன்.

"உன்ட வீடுதான். அதுக்கு? என்ட பேர் அந்தப் பட்டியல்ல வரப்படாது."

"சரி. ஒங்கட உரிமையில நான் கை வைக்கல்ல."

வென்றுவிட்டேன்! அன்று இரண்டு துண்டு மீன் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறு வாரம் காலையில் ஒரு பொலிஸ்காரர் பட்டியலோடு வந்தார்.

"இங்க ஒரு ஆள்தான் பதிவு. பிரதம குடியிருப்பாளர் எண்டு சீதேவிப்பிள்ளை அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஐயா யாரு?"

"புருஷன்!"

"பட்டியல்ல இல்லையே."

"பட்டியலே அரசியலமைப்புக்கு முரண்!"

"அது எனக்குத் தெரியாது ஐயா. பொலிஸ் கட்டளைச் சட்டம் எண்டு பழைய சட்டம் ஒண்டு இருக்கு. பதியாத ஆள் ஸ்டேஷனுக்கு வரணும்."

அந்த நாட்களில் ஸ்டேஷனுக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. பயந்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். உரிமைகள் அத்தனையும் மறந்துபோயின. சீதேவிப்பிள்ளையைப் பார்த்தேன்.

அவள் ஆற அமரக் கையைத் துடைத்தாள். சீனி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"வந்து தங்குற ஆக்களுக்கு வேற படிவம் இருக்குதானே ஐயா? அண்டைக்கே நிரப்பி வெச்சன்."

பொலிஸ்காரர் வாசித்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். என் உயிர் திரும்பி வந்தது.

பிரதி இப்போது கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. விருந்தினர் பெயர்: அருமைநாயகம். புறப்படும் திகதி: பார்த்துச் சொல்லப்படும். வந்த நோக்கம்: சாப்பாடு.