பஞ்சாயத்தும் அந்த ஐந்து விடைகளும்

மயிலாப்பூரில் எந்த இரண்டு பேர் குரலை உயர்த்திப் பேசினாலும் மூன்றாவது ஆளாக வந்து நின்றவர் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா, பிரம்மச்சாரி. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ இருந்தது. தெரு வைத்த பெயர் பஞ்சாயத்து.

எழுபதுகளின் நடுவில், பாங்கில் நாலு வருஷம் லெட்ஜர் புரட்டிய அலுப்பில், எம்.பி.ஏ. படித்துப் பெரிய ஆளாகிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் நுழைவுத் தேர்வுக்கான அமெரிக்க கைடு ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்தும் ஓர் அப்ளிகேஷன் வாங்கி வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் என் மேஜைக்கு எதிரே அவர் ஆஜர்.

அந்தக் கைடில் உரையாடல் கேள்விகள் என்று ஒரு பகுதி. ராபர்ட் சொல்கிறான்: "புதுப் பாலம் வந்தபிறகு விபத்துகள் அதிகமாகிவிட்டன. ஆகவே பாலம் ஆபத்தானது." ஹெலன் சொல்கிறாள்: "பாலம் வந்தபிறகு வண்டிகளும் இரண்டு மடங்காகிவிட்டனவே." ராபர்ட்டின் வாதத்தை ஹெலன் எப்படி எதிர்கொள்கிறாள்? கீழே ஏ, பி, சி என்று ஐந்து விடைகள். ஒன்றுதான் சரி.

நான் சட்டென்று, "சி. விபத்துக்கு வேறு காரணம் காட்டுகிறாள்" என்பேன். இந்தப் பகுதியில் எனக்கு இருபதுக்கு இருபது வரும். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இன்று நினைத்தால் கூசுகிறது.

பஞ்சாயத்துக்கு ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் ஆகும்.

"ஹெலன் சொல்றது நியாயம்தான் சார். ஆனா ராபர்ட் வீட்ல யாருக்காவது அடிபட்டிருக்குமோ? மனுஷன் பதறிப்போய்ப் பேசறான்."

"அதெல்லாம் கேள்வியில இல்ல சார்!"

"இல்லதான். விசாரிக்காம எப்படி டிக் போடறது?"

படித்ததை அவர் தெருவிலும் பயன்படுத்தினார். ஒரு நாள் குளத்தங்கரையில் பூக்காரம்மா, "காலீல பறிச்ச பூம்மா" என்றாள். வாங்க வந்த அம்மாள், "நேத்து வாங்கினது வீட்டுக்குப் போறதுக்குள்ள வாடிப்போச்சே" என்றாள். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் பஞ்சாயத்து நடுவில் புகுந்துவிட்டார்.

"அம்மா, அவங்க சொல்றது இன்னிக்குப் பூ. நீங்க சொல்றது நேத்துப் பூ. நீங்க அவங்களை மறுக்கவே இல்லை."

பூக்காரம்மா எழுந்து நின்றாள். "யோவ், இன்னா நீ? பூ வாங்க வந்தியா, சும்மா நின்னுகினு பேச வந்தியா?"

"அதானே, நீங்க யார் நடுவுல?" என்றாள் அந்த அம்மாள். அவரைத் திட்டித் தீர்த்த ஒற்றுமையில் பூக்காரம்மா அவளுக்கு அரை முழம் கூடவே அளந்தாள்.

"பாத்தீங்களா சார், ராசியாயிட்டாங்க" என்றார் பஞ்சாயத்து, திருப்தியாக.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் மனைவி கமலா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"பாங்கிலேருந்து வந்தா அந்தப் புஸ்தகம்தான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. இந்த வீட்ல நான் யாருன்னே தெரியல."

நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: "ஒரு வார்த்தை பேசறதில்லைங்கறது தப்பு. நேத்துகூட உப்பு கேட்டேனே."

கமலா பையை எடுத்துக்கொண்டு தி.நகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

இரண்டு நாள் ஓட்டல் இட்லியில் ஓடியது. மூன்றாம் நாள் பஞ்சாயத்து ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தார். "புது மாடல் கேள்வி சார். ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தார்."

மேரி: "நீ என்னோடு பேசுவதே இல்லை. தனியாக இருப்பது போலிருக்கிறது." ஜேம்ஸ்: "தவறு. நேற்று மிளகுத்தூள் கேட்டேன்." ஜேம்ஸ் என்ன செய்கிறான்?

"டி" என்றேன், கண்ணிமைக்காமல். "ஒரு வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கறான். அவ சொன்ன விஷயத்தைத் தொடவே இல்ல. ஜேம்ஸ் சுத்த மடையன் சார்!"

பஞ்சாயத்து காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் சொல்லல சார். நீங்களே சொல்லிட்டீங்க."

எனக்குப் புரிய முழுதாக ஒரு நிமிஷம் ஆயிற்று. அன்றைய உப்புப் பேச்சு மாடிவரை கேட்டிருக்கிறது.

"தி.நகருக்கு இப்ப பஸ் இருக்கும் சார்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

மாமியார் வீட்டுக் கதவைக் கமலாதான் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன, உப்பு வேணுமா?"

"தப்பு என்னோடதுதான். வா, போகலாம்" என்றேன். அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.

தேர்வில் நான் எல்லாக் கேள்விக்கும் டிக் போட்டேன். பஞ்சாயத்து பாதியைத்தான் தொட்டார். ஓரங்களில், "இருவரும் நேரில் உட்கார்ந்து பேசினால் தீரும்" என்று வேறு எழுதி வைத்தாராம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு இருவருக்கும் ஒரே தபாலில், ஒரே வாசகத்தில், வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் போதும், படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கமலா அவருக்கும் சேர்த்துக் காப்பி கலந்துவிடுவாள். மூன்று வருஷம் கழித்து அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாயிற்று.

அவர் கிளம்பிய வாரத்திலேயே எதற்கோ நாங்கள் சத்தமாகச் சண்டை போட்டோம். இரண்டு பேருமே நடுவில் பேச்சை நிறுத்திவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தோம். கமலா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர் இருந்தது. மூன்றாவதை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.