பானெட்டுக்குள் ஒரு கூடு

மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று நாளைக்காரர் பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். வாய் கொப்பளித்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை. அவர் வாழ்க்கையில் இது அபூர்வம்.

நாளைக்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். எந்த வேலையைச் சொன்னாலும் "நாளைக்கு" என்பார். ஒரு பசு, பத்துப் பதினைந்து கோழி, கொஞ்சம் கீரைப் பாத்தி, ஒரு சின்ன லோடு வண்டி, இவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். அதில் கோழிக் கொட்டகை சரிந்து நான்கு வருஷம் ஆகிறது. கீரி மாதத்துக்கு ஒரு கோழியை ருசி பார்த்துவிட்டுப் போகிறது. மனைவி கேட்டுக் கேட்டுப் பார்த்து, கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் கேட்பதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கொத்தனார். தங்கமான மனுஷர்தான். ஆனால் மற்ற வீடுகளில் விருந்தாளி வந்தால் சோற்றுக் கரண்டியை எடுப்பார்கள். அவர் வீட்டில் கொத்துக் கரண்டியை எடுப்பார்கள். போன தடவை "சும்மா இப்படி வாங்க மாப்ளே" என்று கொல்லைக்குக் கூப்பிட்டுப் போய் ஒரு மதிலையே கட்ட வைத்துவிட்டார். திரும்பி வந்த நாளைக்காரர் நான்கு நாள் நிமிரவில்லை.

கொய்யா மரத்தடியில் காற்றில் விழுந்த பழைய குருவிக்கூடு ஒன்று கிடந்தது. அதை எடுத்தார். வண்டியின் பானெட்டைத் திறந்து பேட்டரி பக்கத்தில் பதமாக வைத்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"இங்க ஓடி வா! சத்தம் போடாம வா!"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பாத்தியா? குருவி கூடு கட்டியிருக்கு. இப்ப வண்டியை எடுத்தா பாவம் இல்லையா?"

"ஐயையோ, பாவந்தான்." எட்டிப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம்கூட வண்டி ஓட்டினீங்களே. ஒரே ராத்திரியில கட்டிடுச்சா?"

"அது என்ன, என்னை மாதிரியா? சுறுசுறுப்பு!"

"அது சரி. முட்டை எங்க?"

"குடி வந்ததே இப்பத்தான். அதுக்குள்ள முட்டை கேட்டா எப்படி?"

"அப்போ அண்ணன் வீட்டுக்கு?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மனசு கேக்கலையே."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளே போனாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும், அன்றைக்கு உதவிய ஜீவன்களுக்கெல்லாம் வாய்விட்டு நன்றி சொல்வாள். பால் கொடுத்த பசுவுக்கு, கீரைப் பூச்சியைத் தின்ற தவளைக்கு, எலி பிடித்த சாரைப் பாம்புக்கு. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் நாளைக்காரர் அந்த வரிசையில் வந்ததே இல்லை. வெளியே சொல்லவில்லையே தவிர, அது அவருக்குப் பெரிய குறை.

அன்றைக்கு அவள் கை கூப்பினாள். "ஒரு குருவிக்காக வண்டியையே விட்டுக்கொடுத்த எங்க வீட்டுக்காரருக்கு நன்றி. தவளைக்கு நன்றி."

தவளைக்கு முன்னால்! நாளைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சோற்றைப் பிசைந்து வெட்கத்தை விழுங்கினார்.

மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது, பால் டிப்போ மூன்று மைல் என்று. வண்டியை எடுக்க முடியாது. கேனைத் தோளில் தூக்கினார். மூன்றாம் நாள் கழுத்து எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தது. போதுமடா சாமி, குருவி கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிக் கதையை முடிப்போம் என்று பானெட்டைத் திறந்தார்.

கூட்டில் மூன்று முட்டை. சின்னதாக, வெள்ளையாக, பழுப்புப் புள்ளிகளோடு.

பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பொய் முட்டையிடும் என்று யாரும் சொன்னதில்லை.

"தொட்டுடாதீங்க!" மனைவி பின்னாலேயே நின்றாள். "கை வாசனை பட்டா தாய் வராது."

"தாயைக் காணோமே?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் வருது. உங்க மீசைதான் அதுக்குப் பயமா இருக்கு போல."

நாளைக்காரருக்கு மனசு என்னவோ செய்தது. தன் பித்தலாட்டத்தை நம்பி ஒரு சின்ன உயிர் குடித்தனம் வைத்திருக்கிறது. வெயில் படாமல் சாக்குத் தொங்கவிட்டார். பூனையைக் கண்ட இடமெல்லாம் விரட்டினார். அடுத்த நாள் காலையில், இருபது வருஷமாக வளர்த்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார்.

"லட்சணமா இருக்கீங்க," என்றாள் மனைவி. "அண்ணன்கிட்ட போன்ல சொன்னேங்க. நாம போக முடியலைன்னா என்ன, தானே வந்து குருவியைப் பாக்கறேன்னுட்டார்."

மத்தியானமே வந்து இறங்கினார் மச்சான். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் அந்தக் கரண்டி. கூட்டை எட்டிப் பார்த்து, "பூச்சு வேலை இல்ல. இருந்தாலும் நல்ல கட்டுமானம்," என்றார்.

"முட்டை பொரிய எத்தனை நாள் ஆகும் மாப்ளே?"

"ரெண்டு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் சும்மாவா உக்காந்திருக்கறது? இந்தக் கோழிக் கொட்டகை..."

"நாளைக்கு..."

"நாளைக்குச் செங்கல் வருது. இன்னிக்கு மணலைச் சலிங்க."

வண்டி இருந்தால் டவுன் பக்கமாவது ஓடியிருக்கலாம். அதைக் கட்டிப்போட்டதே அவர்தான். காலையில் மூன்று மைல் கேன், அப்புறம் மணல், சிமெண்ட், செங்கல். முடியாது என்று சொல்ல வாய் வரும். சாயங்காலம் மனைவி கை கூப்பி அவர் பெயரை முதலில் சொல்வாள். வந்த வாய் மூடிக்கொள்ளும்.

பதினான்காம் நாள் கொட்டகை எழும்பிவிட்டது. கல் அஸ்திவாரம், கம்பி வலை, கீரியின் பாட்டனாலும் திறக்க முடியாத தாழ்ப்பாள். மச்சான் பஸ் ஏறிப் போனார். கொப்புளம் போட்ட கைகளோடு நாளைக்காரர் குஞ்சு பார்க்க ஓடினார்.

கூடு காலி.

"கீரி! கீரி முட்டையைத் தூக்கிடுச்சு!" உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியைத் தேடிக் கொட்டகைக்குள் ஓடினார்.

மனைவி கோழிப் பெட்டிகளில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை முட்டையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோழி இன்னும் உள்ள வரலையே. அதுக்குள்ள ஏது முட்டை?"

"களிமண்ணுங்க. சுண்ணாம்பு பூசினது. புது இடத்துல முட்டையிட கோழி யோசிக்கும். பொய் முட்டை ஒண்ணை வச்சா நம்பி உக்காந்துடும்."

அவள் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. அதில் இன்னும் மூன்று முட்டை. சின்னதாக, வெள்ளையாக. டீத் தண்ணீரில் வைத்த புள்ளிகளோடு.

"அப்போ... வண்டியில இருந்தது..."

"பொய்க் கூடு வச்சீங்க. காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்?"

நாளைக்காரரின் கை மீசையை முறுக்கப் போனது. அங்கே மீசை இல்லை.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க," என்றாள் மனைவி. "கோழிக்கு வச்சா முட்டையிடும். உங்களுக்கு வச்சேன், கொட்டகை போட்டுட்டீங்க."