பேரு இர்பேக்கு

பெங்களூர் டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் திரிந்த ஒரே தமிழன் எங்கள் கரடி அண்ணன்தான். கழுத்து முதல் கணுக்கால் வரை ஆண்டவனே அவருக்குக் கம்பளி நெய்து கொடுத்திருந்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அடுகோடியில் நானும் அவரும் ஒரே அறை.

பீன்யாவில் லேசரால் தகடு வெட்டுவது அவர் வேலை. ஆம்பூரில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். போட்டோவிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். நேரில் போக ஒன்றரை மாதம் இருந்தது. "இந்தக் கையால காபி வாங்கினா அந்தப் பொண்ணு அலறிடும்டா" என்று நிஜமாகவே பயந்தார். லேசரில் முடி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரே குஷி. "இரும்பையே அறுக்குது, முடி எம்மாத்திரம்?"

கிளினிக்குக்குப் போன் போட்டார். நர்ஸம்மா கன்னடத்தில், "ஷேவ் மாட்கொண்டு பர்பேக்கு, பேரு இர்பேக்கு" என்றார். அண்ணனுக்குக் கன்னடம் பாதிதான் தெரியும். மீதியைத் தமிழால் நிரப்பிக்கொள்வார்.

ஷேவிங் அரைகுறை வேலை என்று மெழுகு தடவிக் கத்தக் கத்தப் பிடுங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். மறுநாள் பளபளத்த இரு கைகளிலும் ஸ்கெட்ச் பேனாவால் 'குணசேகரன்' என்று எழுதிக்கொண்டு கிளினிக்கில் போய் நின்றார். துணைக்கு நான்.

"என்ன இது?" என்றார் தமிழ் தெரிந்த டாக்டரம்மா.

"பேரு இருக்கணும்னாங்களே மேடம்!"

"அய்யோ, கன்னடத்துல பேருன்னா வேருங்க! லேசர் கருப்பைத் தேடிப் போய் முடியோட வேரைச் சுடும். நீங்க வேரையே பிடுங்கிட்டு வந்திருக்கீங்க. இந்த மை மேல லேசர் பட்டா தோல்தான் வேகும்."

ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மாதத்துக்கு ஒன்றாக ஆறு சிட்டிங்காம். முதல் சிட்டிங்கில் ரப்பர் பேண்டால் சுளீர் சுளீரென்று அடித்த மாதிரி இருந்ததாம், தீய்ந்த நாற்றம் வேறு. வெயில் படக்கூடாது என்றதால் பஸ் ஸ்டாப்புக்குக் குடை பிடித்துப் போனார். சுட்ட முடி ஓரிரு வாரத்தில் தானாக உதிரும் என்றது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

உதிர்ந்தது பெண் வீட்டில். பெண் காபியை நீட்ட, இவர் கை நீட்ட, முடி பஜ்ஜித் தட்டில் கொட்டியது.

"என்னங்க, உதிருது?" என்றாள் பெண்.

அண்ணனுக்குப் பொய் வராது. மெழுகு, ஸ்கெட்ச் பேனா, குடை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். பெரியவர்கள் பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தார்கள். அந்தப் பெண் மட்டும் டம்ளர் ஆட ஆடச் சிரித்தாள். "எனக்காகவா இவ்ளோ? போதுங்க, மிச்சம் இருக்கட்டும்."

மீதி ஐந்து சிட்டிங்குக்கு அவர் போகவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் 'கரடி என்கிற குணசேகரன்' என்று அச்சாகியிருந்தது.

"என்னண்ணா இது?"

"பேரு இர்லிடா" என்றார். இருக்கட்டுமாம். அவரை அப்படியே கட்டிக்கொண்டேன். கதகதப்பாக இருந்தது.